ஐந்து ஆம்பியர்

எனக்குப் பாட்டுத் தெரியாது. மீட்டர் தெரியும்.
கெய்தாவியின் படிக்கட்டுத் தெருவில்
நூற்றுப் பதினெட்டு வீடுகளுக்கு
அரசாங்கம் கைவிட்ட நேரங்களில்
கரண்ட் கொடுத்தவன்.
வீட்டுக்கு ஐந்து ஆம்பியர்.
மாதம் பிறந்தால் ரசீதோடு வாசலில் நிற்பேன்.

பல் டாக்டர் காலி செய்த அடித்தளத்துக்கு
நான்கு பேர் வந்தார்கள்.
ரய்யா பாடுவாள், கிட்டாரும் அவளே.
ஷாஹெ, புர்ஜ் ஹம்மூத் செருப்புக்கடைக்காரர் மகன், பேஸ்.
இயாத் டிரம்ஸ்.
மாலெக் என்ன வாசித்தான் என்பது
கடைசிவரை விளங்கவில்லை;
வயர்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருப்பான்.

முதல் நாளே டிரிப் ஆனது.
வால்வு ஆம்ப்ளிஃபையர் இரண்டு, கூடவே ஒரு ஃபிரிட்ஜ்.
பாட்டா பீரா, முடிவு செய்யுங்கள் என்றேன்.
ஃபிரிட்ஜைப் பிடுங்கினார்கள்.
அந்தக் கோடை முழுக்க சூடான பீர்,
ஆங்கிலத்தில் கோபம்.
குழுவுக்குப் பெயரென்ன என்று யாரோ கேட்க
என் ரசீதைத் தூக்கிக் காட்டினாள் ரய்யா.
பெயருக்குக் காசு கேட்கலாமா என்று
இரண்டு நாள் யோசித்தேன்.

ஒருநாள் இரவு
இஞ்சின் அறைக் கதவில் காது வைத்து நின்றாள்.
"இது எந்த ஸ்வரத்திலும் இல்லை,
இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது."
முப்பது வயசு இஞ்சின், அம்மா,
நிற்பதே பெரிசு.
மறுநாள் அவர்கள் கம்பிகள் எல்லாம்
என் இஞ்சினோடு சுருதி சேர்ந்திருந்தன.
ஷாஹெ கீழ்க்கம்பியைத் தொட்டால்
இங்கே சைலன்சர் ஒரு சுற்று உறுமும்.
யாருக்கு யார் பின்பாட்டு?

பிறகு ஹம்ரா, பிறகு அம்மான்,
பிறகு பாரிஸில் ஸ்டூடியோ.
அங்கே கரண்ட் போகவே இல்லையாம்.
நாலு நாள் ஒரு பாட்டும் நிற்கவில்லையாம்.
மாலெக் போன் செய்தான்:
"தூமா, போனை இஞ்சின் பக்கம் பிடி."
பன்னிரண்டு நிமிடம் பிடித்தேன்.
நடுவில் டீசல் தீர்ந்து அது இருமியது;
ஒரு கையில் போன், மறு கையில் டின்.
அட்டையில் போட்டார்கள்,
தூமா ஷல்ஹூப், இஞ்சின்.
பெயரில் ஓரெழுத்துப் பிழை.

மூன்றாவது ஆல்பத்தில் ஆம்ப்ளிஃபையர்கள் போயின.
லேப்டாப், கைக்கடக்கமாய் ஒரு கீபோர்டு;
முள் ஒன்றரையைத் தாண்டாது.
ரய்யா ஆங்கிலத்தை விட்டுவிட்டு
அம்மாவோடு சண்டை போடுகிற அரபியில் பாடினாள்.
துணி உலர்த்துகிறவர்கள் கிளிப்பைப் பல்லில் கடித்தபடி நின்றார்கள்.
பாதிப் பேருக்குக் கோபம்.
குறைவாக இழுத்தார்கள், தூரமாய்க் கேட்டது.

வங்கிகள் ஷட்டரை இறக்கின.
அந்த ஆகஸ்டில்
அடித்தளக் கதவு தெருவுக்கு எதிர்ப்பக்கம் கிடந்தது.
அதைப் பற்றிப் பாட்டுப் போடவில்லை.
கேட்ட பத்திரிகைக்காரரிடம் இயாத் சொன்னான்:
கண்ணாடி கூட்டுகிற சத்தத்தில்
எங்கே தட்டுவது?

டீசல் வராத வருடம்
நானே இருட்டில் படுத்திருந்தேன்.
கீழே ஒரு மெழுகுவர்த்தி,
கிடந்த கதவின்மேல் நான்கு பேர் கைகள்,
ரய்யாவின் குரல்.
பூஜ்யம் ஆம்பியர்.
அதற்கு நான் ரசீது எழுதவில்லை.

இப்போது அவள் மொண்ட்ரியாலில். ஷாஹெ எரெவானில்.
மாலெக் துபாயில் ஷாம்பு விளம்பரத்துக்கு
ஏதோ செய்கிறானாம், அதுவும் விளங்கவில்லை.
இயாத் இங்கேயேதான்,
மொட்டைமாடிகளில் சோலார் தகடு பூட்டுகிறான்.
என் வீடுகளில் அறுபதை அவன்தான் கொண்டு போனான்.
இஞ்சினைக் கிலோ கணக்கில் விற்றேன்.
பழைய இரும்புக்காரனிடம் ஏற்றிப்போனது
அவன் வேன்தான்.

திரும்பி வரும் வழியில்
அவன் எதையோ போட்டான்.
டோரா நெரிசலில், பாட்டின் அடியில்,
என்னுடையது ஓடிக்கொண்டிருந்தது.
ஓடி, ஓடி, இருமியது.

என் கை சீட்டுக்கடியில்
டின்னைத் துழாவியது.

இயாத் பார்த்தான்.
ஒன்றும் சொல்லாமல்
சத்தத்தைக் கூட்டினான்.